காணாமற்போன படங்கள்

நுழையும்முன்

ஒப்படைப்புகளைத் தாளில் எழுதித் தருவதோடு, கணினியில் படவில்லைகளாக அமைத்து வகுப்பின்முன் எடுத்துரைக்கும் வழக்கமும் இன்று பள்ளிகளில் பரவியுள்ளது. ஸ்லைடு என்று வழங்கும் ஒவ்வொரு திரைப்பக்கமும் ஒரு படவில்லை. அவற்றின் தொகுப்பு விளக்கக்காட்சி. வீட்டுக் கணினியில் நன்கு தெரிந்த படம், பள்ளிக் கணினியில் திறக்கும்போது மறைந்துபோவது உண்டு. அப்படம் எங்கே சென்றது? அதை மீட்பது எப்படி? மீண்டும் மறையாமல் காப்பது எப்படி? இவ்வினாக்களுக்கு விடை கூறுவது இப்பாடம்.

வெற்றுக் கட்டமும் சிவப்புக் குறியும்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படுகிறது. அந்நாளின் வேர் கொல்கத்தாவில் உள்ளது. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சி. வி. இராமன், 1907இல் நிதித்துறை அலுவலராக இந்நகருக்கு வந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதைப் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய ஆய்வில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைத்தார். இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் 1928 பிப்ரவரி 28. அதற்காக 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவி ஒருத்தி, இவ்வரலாற்றைப் பன்னிரண்டு படவில்லைகளில் அமைத்திருப்பதாகக் கொள்க. இராமனின் படம், ஆய்வுக்கருவியின் படம், பௌபஜார் தெருவின் படம் ஆகியவை அதில் உள்ளன. கடைசிப் படவில்லையில், இராமனைப் போலவே வேலையின்பொருட்டு இந்நகருக்கு வந்த தன் கொள்ளுத்தாத்தா ஹௌரா பாலத்தின் அருகே நிற்கும் பழைய ஒளிப்படத்தைச் சேர்த்திருக்கிறாள். அக்குடும்பத்தில் அவருக்கு உள்ள ஒரே படம் அது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்கிறாள். அங்கே திறந்தால், எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. நான்கு படங்களின் இடத்தில் மட்டும் வெற்றுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் சிவப்பு நிறப் பெருக்கல் குறி.

இந்நிலையில் பலர் செய்யும் முதற்செயல், அழகு கெடுகிறது என்று கருதி அந்த வெற்றுக் கட்டங்களை அழிப்பதாகும். அதைச் செய்யலாகாது. காணாமற்போன படத்தைத் தேடிச்செல்ல உதவும் தடயம் அந்த வெற்றுக் கட்டத்திற்குள்தான் இருக்கிறது. ஏன் என்பதை அறிய, விளக்கக்காட்சிக் கோப்பின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

கோப்பின் உள்ளே

இன்று பெரிதும் பயன்படும் விளக்கக்காட்சி மென்பொருள்களுள் ஒன்று பவர்பாயிண்ட். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில், இராபர்ட் காஸ்கின்ஸ் என்பவரின் கருத்துப்படி அது உருவாக்கப்பட்டது. 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஃபோர்தாட் நிறுவனத்தை 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அக்காலத்தில் படவில்லைகள் ஒளிபுகும் தாள்களில் அச்சிடப்பட்டு, விளக்கொளியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டப்பட்டன. தாளில் அச்சான படம் தாளைவிட்டு எங்கும் செல்வதில்லை. கணினியிலிருந்தே நேராகத் திரையில் காட்டும் வழக்கம் வந்தபின்னரே, படம் காணாமற்போகும் சிக்கலும் உடன் வந்தது.

2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் பவர்பாயிண்ட் கோப்புகள் பி.பி.டி.எக்ஸ். என்னும் வடிவில் சேமிக்கப்படுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரே கோப்பு. உண்மையில் பல சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை. மூட்டையைக் கட்டும் முறைக்கு 'ஸிப்' என்று பெயர். அதனை 1989இல் ஃபில் காட்ஸ் என்பவர் வெளியிட்டார். ஸிப் மூட்டை ஒவ்வொன்றின் முதலிரண்டு எழுத்துகளும் அவர் பெயரின் முதலெழுத்துகளே.

மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு படவில்லைக்கும் தனிக் கோப்பு இருப்பதைக் காணலாம். அதில் எழுத்துகளும், அவை நிற்க வேண்டிய இடமும் குறிக்கப்பட்டிருக்கும். படங்கள் அதில் இரா. படங்களுக்கென 'மீடியா' என்னும் தனிக் கோப்புறை உண்டு. படம் வரவேண்டிய இடத்தில், படவில்லைக் கோப்பு ஓர் எண்ணை மட்டும் குறித்து வைக்கிறது. அந்த எண்ணுக்குரிய படம் எங்கே உள்ளது என்பதைத் தெரிவிக்கும் பட்டியல் வேறொரு சிறு கோப்பில் உள்ளது. படவில்லை திறக்கும்போது, கணினி அப்பட்டியலைப் பார்த்து, குறித்த இடத்திற்குச் சென்று, படத்தை எடுத்து வந்து காட்டுகிறது. அவ்விடத்தில் படம் இல்லையெனில், வெற்றுக் கட்டத்தைக் காட்டுகிறது.

உட்பொதித்தலும் இணைத்தலும்

படத்தைக் கோப்பில் சேர்க்கும் முறைகள் இரண்டு.

முதலாவது, உட்பொதித்தல். படத்தின் படி ஒன்று மூட்டைக்குள்ளேயே வைக்கப்படும். பட்டியலில் உள்ள முகவரி, மூட்டைக்குள் இருக்கும் 'மீடியா' கோப்புறையைக் காட்டும். கோப்பு எங்குச் சென்றாலும் படமும் உடன் செல்லும். 'இன்செர்ட்' என்னும் கட்டளையால் படத்தை இயல்பாகச் சேர்க்கும்போது நிகழ்வது இதுவே.

இரண்டாவது, இணைத்தல். படம் மூட்டைக்குள் வைக்கப்படுவதில்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் குறிக்கப்படும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில், 'இன்செர்ட்' பொத்தானின் ஓரத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் 'லிங்க் டு ஃபைல்' என்னும் தெரிவு தோன்றும். அதைத் தேர்ந்தெடுத்தால் படம் இணைக்கப்படுமே ஒழிய, உட்பொதிக்கப்படாது. 'இன்செர்ட் அண்ட் லிங்க்' என்னும் மூன்றாம் தெரிவு, படியையும் வைத்துக்கொண்டு முகவரியையும் குறித்துக்கொள்ளும்.

இணைத்தல் பயனற்ற முறை எனக் கருதலாகாது. படங்களைச் சுமக்காததால் கோப்பின் அளவு சிறிதாக இருக்கும். ஒரே முத்திரைச் சின்னத்தை ஐம்பது கோப்புகளில் பயன்படுத்தும் அலுவலகம், சின்னத்தை ஓரிடத்தில் மாற்றினால் ஐம்பதிலும் அது மாறும். ஆயினும், ஓரிடத்தில் செய்து வேறோரிடத்தில் காட்டும் மாணவருக்கு இம்முறை பொருந்துவது அரிது.

இவ்வேறுபாட்டை விளக்கக் கொல்கத்தாவின் தேசிய நூலகம் துணைசெய்யும். இந்நூலகம் இம்பீரியல் நூலகம் என்னும் பெயரில் 1903இல் மெட்காஃப் மாளிகையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் எஸ்பிளனேடு பகுதிக்கு மாறியது. நாடு விடுதலை பெற்றபின் தேசிய நூலகம் எனப் பெயர் பெற்று, அலிப்பூரில் உள்ள பெல்வெடேர் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் அங்கு அதனைத் திறந்துவைத்தார். விடுதலைக்குப் பின் அதன் முதல் நூலகராக விளங்கியவர் சென்னையில் பிறந்த பி. எஸ். கேசவன். தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்களும் இந்நூலகத்தில்தான் உள்ளன.

நூலகத்தில் நூல்கள் அடுக்குகளில் இருக்கும். அவை இருக்குமிடம் அட்டைகளில் எழுதப்பட்டிருக்கும். நூல்கள் புதிய மாளிகைக்குச் சென்றபின், ஓர் அட்டை மட்டும் திருத்தப்படாமல் நின்றுவிட்டதாகக் கொண்டால், அதை நம்பிச் செல்லும் வாசகர் பழைய கட்டடத்தின் வெற்று அடுக்கின்முன் நிற்பார். நூல் அழிந்துவிடவில்லை. அட்டை சொல்லும் இடம் பழையதாகிவிட்டது. உட்பொதித்த கோப்பு, நூலையே கையில் கொண்டிருப்பது. இணைத்த கோப்பு, அட்டையைக் கையில் கொண்டிருப்பது. சிவப்புப் பெருக்கல் குறி பெரும்பாலும் அறிவிப்பது அட்டையின் பிழையையே. வெற்றுக் கட்டத்தை அழிப்பது, கையில் உள்ள ஒரே அட்டையைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

முகவரி பொய்ப்பது ஏன்?

இணைக்கப்பட்ட படத்தின் முகவரி பல காரணங்களால் பொய்த்துப்போகும்.

கோப்பு வேறு கணினிக்குச் செல்வது முதற்காரணம். வீட்டுக் கணினியின் 'டி' பகுதியில் 'அறிவியல் நாள்' என்னும் கோப்புறையில் படம் உள்ளது என முகவரி கூறும். பள்ளிக் கணினியில் அப்பெயருடைய கோப்புறை இராது.

பெயர்மாற்றம் இரண்டாம் காரணம். படத்தைச் சேர்த்தபின், 'படம் 1' என்றிருந்ததை 'இராமன்' என்று மாற்றினாலும், அதைக் கொண்டிருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினாலும் முகவரி தவறிவிடும். மனிதர்க்கு இரண்டும் ஒன்றெனத் தெரியும். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடும்.

பென் டிரைவின் எழுத்து மாறுவது மூன்றாம் காரணம். ஒரு கணினியில் 'இ' என்னும் ஆங்கில எழுத்தைப் பெற்ற பென் டிரைவ், மற்றொன்றில் 'எஃப்' என்னும் எழுத்தைப் பெறலாம். படம் அதே பென் டிரைவில் இருந்தும், முகவரியின் முதலெழுத்து மாறியதால் கணினி அதைக் காணாது.

இணையதளத்தில் உள்ள படத்தை இணைத்திருப்பது நான்காம் காரணம். அத்தளம் படத்தை நீக்கிவிட்டாலோ, பள்ளிக் கணினியில் இணையத்தொடர்பு இல்லாவிட்டாலோ படம் வாராது. இணையப் படத்தை நாடும் கோப்புகளுக்குப் பாதுகாப்பு கருதி மென்பொருளே தடை விதிப்பதும் உண்டு.

ஒலிக்கும் காணொலிக்கும் இது மேலும் பொருந்தும். பவர்பாயிண்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காணொலிகள் இணைக்கப்பட்டே வந்தன. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவற்றை உட்பொதிப்பது இயல்பான முறையாயிற்று. ஆதலால், பழைய கோப்புகளில் படம் தெரிந்து காணொலி மட்டும் இயங்காதிருப்பதைக் காணலாம்.

காரணத்தை அறியும் வழி

தேடுவதற்கு முன் இரண்டு செயல்களைச் செய்தல் வேண்டும். ஒன்று, கோப்பின் படி ஒன்றை எடுத்து வைத்தல். மற்றொன்று, மூலக்கோப்பில் எதையும் அழிக்காதிருத்தல். அதன்பின் பின்வரும் வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

1. எல்லாப் படங்களும் மறைந்தனவா, சில மட்டுமா? கணினியில் உள்ள பிற விளக்கக்காட்சிகளிலும் படங்கள் தெரியாவிடில் குறை கணினியிலோ மென்பொருளிலோ உள்ளது. ஒரு கோப்பில் சில படங்கள் மட்டும் தெரியாவிடில் குறை அப்படங்களைச் சேர்த்த முறையில் உள்ளது.

2. கட்டத்தில் எழுதியிருப்பது என்ன? அச்சிறு எழுத்துகளைப் படிப்பவர் சிலரே. இணைக்கப்பட்ட படத்தைக் காட்ட இயலவில்லை, அது இடம் மாறியோ பெயர் மாறியோ நீக்கப்பட்டோ இருக்கலாம் என்று எழுதியிருந்தால், காரணம் இணைப்பே.

3. கோப்பின் அளவு எவ்வளவு? கைப்பேசியில் எடுத்த ஒரு படம் பெரும்பாலும் சில மெகாபைட் அளவுடையது. அத்தகைய படங்கள் பத்து உள்ள விளக்கக்காட்சி நூறு கிலோபைட் அளவே இருக்குமாயின், படங்கள் அதனுள் இல்லை என்று துணியலாம்.

4. படங்கள் முதலில் சேர்க்கப்பட்ட கணினியில் தெரிகின்றனவா? அங்குத் தெரிந்து, இங்குத் தெரியாவிடில் இணைப்பு என்பது ஏறத்தாழ உறுதி.

5. இணைப்புப் பட்டியல் என்ன சொல்கிறது? 'ஃபைல்' பகுதியில் 'இன்ஃபோ' என்பதைத் திறந்தால், இணைப்புகள் உள்ள கோப்பில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்னும் தொடர் தோன்றும். அதை அழுத்தினால் இணைக்கப்பட்டவற்றின் முகவரிகள் வரிசையாகத் தெரியும். வெற்றுக் கட்டத்துள் இருக்கும் தடயம் இதுவே. கட்டங்களை அழித்திருந்தால் இம்முகவரிகளும் மறைந்திருக்கும்.

மீட்டெடுத்தல்

முகவரி கிடைத்தபின் வேலை எளிதாகும். முன்னர்க் கண்ட மாணவியின் கோப்பில், நான்கு படங்களும் வீட்டுக் கணினியின் ஒரு கோப்புறையில் இருந்ததாக முகவரி காட்டும். அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, அக்கோப்புறையில் உள்ள படங்களை அனுப்பச் செய்யலாம். அக்கோப்புறையில் இல்லையெனில், முகவரியின் இறுதியில் உள்ள கோப்புப் பெயரைக் கொண்டு கணினி முழுவதும் தேடலாம். குப்பைத்தொட்டியிலும் பார்க்கலாம். படத்தை முதலில் அனுப்பிய உறவினரின் கைப்பேசியில் அது இன்னும் இருக்கக்கூடும்.

படம் கிடைத்ததும், வெற்றுக் கட்டத்தின்மீது வலப்பொத்தானை அழுத்தி, 'சேஞ்ச் பிக்சர்' என்பதைத் தேர்ந்து, கிடைத்த படத்தைக் காட்டலாம். படம் பழைய இடத்திலேயே அமரும். மீண்டும் அமைக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும்போது 'லிங்க் டு ஃபைல்' என்பதை விடுத்து, இயல்பான 'இன்செர்ட்' என்பதையே பயன்படுத்தல் வேண்டும். பின்னர்க் கோப்பைப் புதிய பெயரில் சேமித்து, அளவு கூடியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கூடியிருந்தால் படம் உள்ளே வந்துவிட்டது.

இணையத்தில் இருந்த படமாயின், முகவரியை உலாவியில் இட்டுப் பார்க்கலாம். தளம் அதை நீக்கியிருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமைப்பின் 'வேபேக் மெஷின்' பக்கத்தில் அதே முகவரியை இடலாம். பழைய இணையப் பக்கங்களின் படிகளைப் பாதுகாத்துவரும் அவ்வமைப்பு 1996இல் தொடங்கப்பட்டது.

உட்பொதித்த படத்தையும் கோப்பிலிருந்து மீட்கலாம். விளக்கக்காட்சி திறக்க மறுக்கும்போது இவ்வழி கைகொடுக்கும். கோப்பின் படியை எடுத்து, பெயரின் இறுதியில் உள்ள பி.பி.டி.எக்ஸ். என்பதை ஸிப் என்று மாற்றி, மூட்டையை அவிழ்த்தல் வேண்டும். 'பி.பி.டி.' என்னும் கோப்புறைக்குள் 'மீடியா' என்னும் கோப்புறை இருக்கும். படங்கள் அங்கே 'இமேஜ் 1', 'இமேஜ் 2' எனப் புதுப்பெயர்களுடன் நிற்கும். அங்கும் இல்லாத படம் அக்கோப்பில் ஒருபோதும் உட்பொதிக்கப்படவில்லை, அல்லது பின்னர் நீக்கப்பட்டது என அறிக.

உள்ளிருந்தும் தெரியாத படம்

மூட்டைக்குள் படம் இருந்தும் திரையில் தோன்றாமல் இருப்பதும் உண்டு. அதற்குரிய காரணங்கள் வேறு.

படம் மறைக்கப்பட்டிருக்கலாம். 'ஆல்ட்', 'எஃப் 10' ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால், படவில்லையில் உள்ள பொருள்களின் பட்டியல் தோன்றும். ஒவ்வொன்றின் அருகிலும் கண் வடிவக் குறி இருக்கும். கண் மூடியிருந்தால் அப்பொருள் மறைக்கப்பட்டுள்ளது. வேறொரு வண்ணக் கட்டத்தின் பின்னால் படம் மறைந்து நிற்பதையும் இப்பட்டியலால் அறியலாம்.

படத்தின் வடிவம் அக்கணினிக்குத் தெரியாததாக இருக்கலாம். முற்காலத்தில் மெக்கின்டாஷ் கணினியில் ஒட்டப்பட்ட சில படங்கள் வேறு கணினிகளில் தோன்றவில்லை. படத்தைக் காண 'குயிக்டைம்' என்னும் மென்பொருள் தேவை என்னும் அறிவிப்பே அவற்றின் இடத்தில் தெரிந்தது. இன்று அதற்கு ஒப்பான நிலையை ஐபோன் படங்களில் காணலாம். 2017 முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்னும் வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. சில கணினிகள் அவ்வடிவத்தை அறியா. அத்தகைய படத்தை ஜேபெக் வடிவிற்கு மாற்றிச் சேர்ப்பது நன்று.

கோப்பு முழுமையாக வந்து சேராதிருக்கலாம். படியெடுத்தல் முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கினால் மூட்டையின் ஒரு பகுதி மட்டுமே வந்திருக்கும். இரு கணினிகளிலும் கோப்பின் அளவை ஒப்பிட்டால் இக்குறை புலப்படும். முழுக்கோப்பை மீண்டும் படியெடுப்பதே இதற்குத் தீர்வு.

தமிழ் எழுத்துக்கும் இந்நிலை உண்டு

படங்களைப் போலவே எழுத்துகளும் மறைவதுண்டு. தமிழில் எழுதிய படவில்லையைப் பிற கணினியில் திறக்கும்போது, எழுத்துகளுக்கு மாற்றாகச் சிறு கட்டங்களோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளோ தோன்றுவதைச் சிலர் கண்டிருப்பர்.

கோப்பு எழுத்தின் உருவத்தைச் சுமப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணையே சுமக்கிறது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. அந்த எண்ணுக்குரிய வடிவம் கணினியில் உள்ள எழுத்துருவில் இருக்கிறது. தமிழ் எழுத்துரு இல்லாத கணினி வெற்றுக் கட்டத்தைக் காட்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களின் நிலை வேறு. அவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், வடிவம் நீங்கி ஆங்கில எழுத்துகளே தோன்றும்.

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறி முறையை ஏற்றுக்கொண்டது. மாணவரும் ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும். தமிழ் மாணவர் சிலரே பயிலும் வெளிமாநிலப் பள்ளியில், கணினியில் விரும்பிய எழுத்துரு இருக்கும் என்று நம்ப இயலாது. எனவே, 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்னும் வரிசையில் சென்று, எழுத்துருவைக் கோப்பிலேயே உட்பொதிக்கும் தெரிவைக் குறித்தல் நலம். படத்திற்குச் சொன்ன நெறியே எழுத்திற்கும் பொருந்துகிறது. செல்லும் இடத்தில் கிடைக்காததைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

மூலத்தைக் காத்தல்

உட்பொதித்துவிட்டால் எல்லாம் நிறைவுற்றதா? இல்லை. கோப்பின் அளவைக் குறைக்க மென்பொருள் படத்தைச் சுருக்கிச் சேமிப்பதுண்டு. வாட்ஸ்அப் வழியே வரும் படமும் பெரும்பாலும் முன்பே சுருக்கப்பட்டதே. ஆகவே, விளக்கக்காட்சியில் உள்ளது காட்டுவதற்குப் போதுமான படி, மூலப்படத்திற்கு ஈடாகாது. கொள்ளுத்தாத்தாவின் படத்தை அக்கோப்பில் மட்டும் வைத்துவிட்டு மூலத்தைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது, பிற்காலத்தில் அதைப் பெரிதாக அச்சிட விரும்புவோர்க்கு இழப்பாக முடியும்.

படங்கள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் இடரைக் கொல்கத்தா நன்கு அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்னும் ஒளிப்பட நிலையம் இந்நகரில் புகழ்பெற்று விளங்கியது. அதன் நிறுவுநருள் ஒருவரான சாமுவேல் போர்ன், தென்னிந்தியாவுக்கும் சென்று மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களைப் படமெடுத்தவர். 1991இல் அந்நிலையத்தில் ஏற்பட்ட தீயில், தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருந்த படத்தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் நிலையமும் மூடப்பட்டது. ஆயினும் போர்ன் எடுத்த படங்களை இன்றும் காண முடிகிறது. அவற்றின் அச்சுப்படிகள் முன்னரே பலர் கைக்குச் சென்று, பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களில் காக்கப்பட்டதே அதற்குக் காரணம். தீக்கு முன்பே வெளியே சென்ற படிகள் பிழைத்தன. வேறெங்கும் படி இல்லாதவை நீங்கின.

குடும்பப் படங்களுக்கும் இது பொருந்தும். பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், பழைய படங்கள் ஓர் உறவினரின் பெட்டியிலோ ஒருவரது கைப்பேசியிலோ மட்டும் இருப்பது வழக்கம். மூலப்படத்தின் முழு அளவுப் படிகளைக் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். வீட்டுக் கணினியில் ஒன்றும், ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்றும் இருக்கலாம். யார், எங்கே, எந்த ஆண்டு என்னும் குறிப்பையும் படத்தோடு எழுதி வைத்தல் வேண்டும். பெயர் தெரியாத படம் கையில் இருந்தும் பாதி காணாமற்போனதே.

கோப்பைக் கொண்டுசெல்லும் முன்

1. படங்கள், ஒலி, காணொலி ஆகிய அனைத்தையும் முதலில் ஒரே கோப்புறையில் திரட்டுக. விளக்கக்காட்சிக் கோப்பையும் அதிலேயே சேமிக்க.

2. படங்களை இயல்பான 'இன்செர்ட்' கட்டளையால் உட்பொதிக்க.

3. இணைப்பு இன்றியமையாததாயின், 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்' என்னும் வரிசையில் உள்ள 'பேக்கேஜ் பிரசன்டேஷன் ஃபார் சிடி' என்பதைத் திறந்து, 'காப்பி டு ஃபோல்டர்' என்பதைப் பயன்படுத்துக. இணைந்த கோப்புகளையும் அது ஒன்றாகத் திரட்டித் தரும்.

4. கோப்பின் அளவைப் பார்க்க. படங்களின் எண்ணிக்கைக்கு அது ஏற்றதா என எண்ணுக.

5. வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, முதல் படவில்லை முதல் இறுதி வரை பார்க்க. கோப்பு செய்யப்பட்ட கணினியிலேயே சோதிப்பது சோதனை ஆகாது; முகவரிகள் யாவும் அங்கு மெய்யாகவே இருக்கும்.

6. அதே விளக்கக்காட்சியைப் பி.டி.எஃப். வடிவிலும் சேமித்து உடன் கொண்டுசெல்க. அசைவுகள் இரா, எனினும் படங்களும் எழுத்துகளும் நிற்கும்.

சொல்லும் பொருளும்

படவில்லை – திரையில் காட்டும் ஒரு பக்கம்
உட்பொதித்தல் – படத்தின் படியைக் கோப்பின் உள்ளேயே வைத்தல்
இணைத்தல் – படம் உள்ள இடத்தின் முகவரியை மட்டும் குறித்தல்
கோப்புறை – கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்
எழுத்துரு – எழுத்துகளின் வடிவத் தொகுப்பு
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் வழங்கும் முறை

மதிப்பீடு

குறுவினா

1. வெற்றுக் கட்டத்தை அழிக்கலாகாது என்பதற்குக் காரணம் யாது?
2. கோப்பின் அளவைக் கொண்டு அறியத்தக்கது என்ன?
3. பென் டிரைவில் படம் இருந்தும் கணினி அதைக் காணாதிருப்பது ஏன்?

சிறுவினா

1. உட்பொதித்தல், இணைத்தல் ஆகியவற்றை நூலக அட்டையோடு ஒப்பிட்டு விளக்குக.
2. தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தோன்றுவதன் காரணத்தையும் தீர்வையும் எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தில் உள்ள மிகப் பழைய ஒளிப்படம் எது, இப்போது அது யாரிடம் உள்ளது என்பதை வீட்டில் கேட்டறிக. அதில் இருப்போர் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதி, ஒரே படவில்லையாக அமைத்து, உங்களுடையதல்லாத ஒரு கணினியில் திறந்து காட்டுக.